ஏடும் செவியும்

விசயதசமித் திருநாளன்று நாஞ்சில் நாட்டுத் திருக்கோயில்களில் அதிகாலை முதலே பச்சிளங் குழந்தைகளுடன் பெற்றோர் திரண்டு நிற்பர். ஏடு தொடங்குதல் என்று இம்மாவட்டத்தார் வழங்கும் நிகழ்ச்சி அது. பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் அமர்த்திக்கொள்வார். முதலில் இறைவன் திருப்பெயரைச் சொல்லிக் கேட்கச் செய்வார். பின்னர்ப் பொன்னால் குழந்தையின் நாவில் எழுதுவார். அதன்பின் குழந்தையின் பிஞ்சு விரலைப் பற்றித் தட்டில் பரப்பிய பச்சரிசியில் எழுத வைப்பார். எழுதும் எழுத்தையே குழந்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு நாழிகைக்குள் முடிந்துவிடும் இச்சடங்கில் ஒரு பெரிய கல்விக் கொள்கையே அடங்கியுள்ளது. செவி, நா, கை, கண் என்னும் நான்கு வாயில்களும் ஒரு சொல்லுக்காக அன்று ஒருசேரத் திறக்கப்படுகின்றன. கேட்பதும் சொல்வதும் எழுதுவதும் படிப்பதும் தனித்தனி வித்தைகள் அல்ல. ஒன்று குறைந்தால் மற்றது நிறைவு பெறாது என்பதை நம் முன்னோர் சொல்லாமல் சொல்லி வைத்தனர்.

கலைமகள் திருவுருவம் உணர்த்துவதும் இதுவே. அன்னையின் ஒரு கையில் ஏடு, மற்றொரு கையில் செபமாலை, மடியில் வீணை. ஏடு கண்ணுக்கு உரியது. மாலை நாவுக்கு உரியது. வீணை செவிக்கு உரியது. பத்மநாபபுரம் அரண்மனையில் தேவாரக்கட்டு சரசுவதி எழுந்தருளியுள்ளாள். கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட திருமேனி அது என்பது இந்நாட்டு மரபு. திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னர், நவராத்திரி தோறும் அன்னை அங்கு எழுந்தருளும் வழக்கம் ஏற்பட்டது. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் செல்கின்றனர். சொல்லுக்குரிய தெய்வத்தை இரு மொழி பேசும் மக்களும் வழிநெடுக நின்று வரவேற்கும் காட்சி, மொழியைத் தெய்வமாகக் கண்ட மண் இது என்பதற்குச் சான்றாகும்.

செவியே முந்தியது

மனிதன் முதலில் கேட்கிறான்; பின்னரே பேசுகிறான்; மிகப் பின்னரே படிக்கிறான். கருவில் வளரும் குழந்தை ஏறத்தாழ 6, 7ஆம் மாதங்களிலேயே ஒலியை உணரத் தொடங்குகிறது என்றும், பிறந்த சில நாள்களிலேயே தாயின் குரலைப் பிறர் குரலிலிருந்து வேறு பிரித்து அறிகிறது என்றும் அறிவியலார் கண்டுள்ளனர். நாரதர் உபதேசித்ததைத் தாய் வயிற்றிலிருந்தே பிரகலாதன் கேட்டான் என்று புராணம் கூறும். சக்கர வியூகத்துள் புகும் வழியை அபிமன்யு கருவிலேயே கேட்டான் என்றும், வெளிவரும் வழியைக் கேட்கும் முன் பேச்சு நின்றுபோயிற்று என்றும் பாரதக் கதை வழங்குகிறது. அரைகுறையாகக் கேட்டது உயிருக்கே இறுதியாயிற்று என்பது அக்கதை தரும் பாடம்.

எழுத்தோ அவ்வாறு தானே வருவதன்று. உலகில் எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே மக்கள் பேசினர், பாடினர். ஆதலின் பேச்சைக் குழந்தை தானே பழகிக்கொள்கிறது. எழுத்தை ஒருவர் அருகிருந்து கற்பிக்க வேண்டியுள்ளது. வாய் திறவாமல் படிக்கும்போதும் நமக்குள்ளே ஒரு குரல் ஒலிப்பதைக் காணலாம். கண் படிக்கிறது என்று நாம் எண்ணினாலும் உள்ளிருக்கும் செவியும் உடன் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இதனை உணர்ந்தே திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரு அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை 42ஆம் அதிகாரமாக வைத்தார். படிக்கும் வாய்ப்பு இல்லாதவனும் கேட்டாவது அறிய வேண்டும். தளர்ந்தபோது அது ஊன்றுகோலாகும் என்பது அவர் கருத்து. எழுத்தறியாத பாட்டியர் இராமாயணம் முழுவதையும் பேரக் குழந்தைகளுக்குச் சொன்ன பேறு, இக்கேள்விச் செல்வத்தால் வந்ததே ஆகும்.

பத்துப் பாடல் கேட்டு நாலாயிரம் தேடியவர்

கேட்ட சொல் ஒருவரை எங்குக் கொண்டு செலுத்தும் என்பதற்கு ஸ்ரீமந் நாதமுனிகள் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. காட்டுமன்னார்கோயில் என இன்று வழங்கும் வீரநாராயணபுரத்தில் வாழ்ந்த அவர் முன்பு, ஒரு நாள் வெளியூர் அன்பர் சிலர் குடந்தைப் பெருமான் மீதான பத்துப் பாசுரங்களை ஓதினர். கேட்ட நாதமுனிகள் உள்ளம் உருகினார். அப்பாசுரங்களின் முடிவில் அவை ஆயிரத்துள் பத்து என்னும் குறிப்பு வந்தது. எஞ்சியவை எங்கே என வினவினார். வந்தவர்கள் அறியவில்லை.

உருகியதோடு நிறைவடைந்திருந்தால் நாலாயிரத் திவ்யப் பிரபந்தம் நமக்குக் கிடைத்திராது. கேட்டவர் கூர்ந்து கேட்டார்; கேட்டதில் உள்ள குறிப்பைப் பற்றிக்கொண்டார்; தேடிப் புறப்பட்டார். ஆழ்வார்திருநகரி சென்று, மதுரகவியாழ்வார் தம் ஆசிரியர் மீது அருளிய பதிகத்தைப் 12,000 முறை ஓதி, நம்மாழ்வார் திருவருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது வைணவ மரபு. பெற்றவற்றை ஏட்டில் மட்டும் விட்டுவிடாமல், தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் இசையுடன் கற்பித்தார். நாவிலும் செவியிலும் வாழ்ந்தால்தான் ஏட்டில் உள்ளதும் வாழும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவ்வரலாறு நாஞ்சில் நாட்டுக்கு அயலானதன்று. நம்மாழ்வாரின் அன்னை உடையநங்கையார் பிறந்த ஊர் திருவண்பரிசாரம் எனப்படும் திருப்பதிசாரம் என்பர். அவ்வூர்ப் பெருமாளையும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளையும் ஆழ்வார் மங்களாசாசனம் செய்துள்ளார். பிறந்து 16 ஆண்டுகள் பேசாதிருந்த அவர், மதுரகவிகள் கேட்ட ஒரு வினாவுக்கு விடையாகவே வாய் திறந்தார் என்பது மரபு. தக்க செவி வாய்க்கும் வரை உயர்ந்த சொல்லும் காத்திருக்கும் போலும்!

ஏட்டில் சொல், ஒரு பெண்ணின் நாவில் பண்

சைவத் திருமுறைகளின் வரலாறும் இதே உண்மையை வேறொரு வழியில் காட்டுகிறது. மூவர் தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. இராசராச மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று கதவைத் திறந்தபோது புற்று மூடியிருந்தது. கரையான் தின்றது போக எஞ்சியவையே கிடைத்தன எனத் திருமுறை கண்ட வரலாறு கூறும். பூட்டிக் காத்தமையாலேயே ஏடு அழிந்தது. எடுத்து ஓதியிருந்தால் கரையானுக்கு இடம் ஏது?

ஏடு கிடைத்த பின்னும் ஒரு குறை நின்றது. சொல் இருந்தது, பண் இல்லை. ஓலையில் பாட்டின் எழுத்தைக் காணலாம். அதன் இசையைக் காண இயலாது. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் அப்பண்களை அறிந்திருந்தார். அவர் வாயிலாகவே தேவாரப் பண்முறை மீண்டது என்பர். மன்னனும் அறிஞரும் தேடிய செல்வத்தின் ஒரு பாதி கோயில் அறையில் இருந்தது. மறுபாதி ஒரு பெண்ணின் குரலில் இருந்தது. இன்று நமக்குக் கிடைத்துள்ள ஏறத்தாழ 8,000 தேவாரப் பாடல்கள் இவ்விரண்டும் கூடியதன் பயனாகும்.

இவ்வனுபவத்தை உணர்ந்தவன் போன்று, முதலாம் இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்போர் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்போர் ஒருவரையும் ஆக 50 பேரை நியமித்தான். அந்த ஏற்பாட்டையும் கல்லில் வெட்டுவித்தான். பாட்டை நாவிலும் நிவந்தத்தைக் கல்லிலும் வைத்தது அவனுடைய தெளிவு. கல் காத்த பாட்டும் உண்டு. ஓலைச்சுவடிகளில் இடம்பெறாத திருஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்திருக்கோயில் கல்வெட்டிலிருந்தே கண்டெடுக்கப்பட்டது.

செம்பும் கல்லும் பேசும் நாஞ்சில் நாடு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, முஞ்சிறைக்கு அருகில் பார்த்திவசேகரபுரம் என்னும் பழம்பதி உள்ளது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று அங்குத் திருமால் கோயிலையும் ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்பது மாணவர் தங்கி உண்டு பயிலும் கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த இச்சாலையில் சட்டர் எனப்பட்ட மாணவர் 95 பேருக்கு இடம் வகுக்கப்பட்டது. இருக்கு வேதம் பயிலும் பிரிவினருக்கு 45 இடம், யசுர் வேதப் பிரிவினருக்கு 36 இடம், சாம வேதப் பிரிவினருக்கு 14 இடம் என அம்மன்னனின் செப்பேடு விவரிக்கிறது. மாணவர் ஒழுக வேண்டிய முறைகளும் அதில் உள்ளன.

இங்கு எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. வேதம் எழுதாக் கிளவி எனப் போற்றப்படுவது. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டு, திரும்பச் சொல்லிச் சொல்லி மனத்தில் நிறுத்துவது. ஒலி ஒன்று பிறழ்ந்தாலும் பொருள் மாறிவிடும் என்னும் அச்சத்தால் செவிவழியே காக்கப்பட்டது. அக்கல்விக்கு வேண்டிய நிலமும் நெல்லும் விதியுமோ செம்பில் எழுதப்பட்டன. நினைவில் நிற்க வேண்டியதை நாவுக்கும், தலைமுறை கடந்தும் மறுக்கப்படாமல் இருக்க வேண்டியதை எழுத்துக்கும் ஒப்படைத்தனர். எது எதற்கு உரியது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

திருநந்திக்கரைக் குடைவரையில் இராசராசன் காலக் கல்வெட்டு, அவன் பிறந்த ஐப்பசிச் சதய நாளில் விழா எடுப்பதற்கான கொடையைக் கூறுகிறது. சிதறால் மலையிலும் சுசீந்திரத்திலும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. சுசீந்திரம் திருக்கோயிலின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1953ஆம் ஆண்டு முனைவர் கே.கே. பிள்ளை நூலாக வெளியிட முடிந்தது, சுவர்கள் பேசியதால்தான். அன்று எழுதியவர் காத்தவர்க்குப் புண்ணியத்தையும் அழித்தவர்க்குப் பாவத்தையும் கூறிக் கல்வெட்டை முடித்தனர். எழுதிய கை மறைந்த பின்னும், படிக்கும் கண்ணை நோக்கி அவர்கள் விடுத்த வேண்டுகோள் அது.

வில்லடியும் ஏடும்

ஒரே சொல் ஏட்டில் கிடக்கும்போதும் நாவில் எழும்போதும் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் நேரிற் காணலாம். இசக்கியம்மன், சுடலைமாடன் முதலிய ஊர்த் தெய்வங்களின் கோயில்களில் கொடையின்போது வில்லுப்பாட்டு நிகழும். மணிகள் கட்டிய நெடிய வில். அதனை வீசுகோலால் தட்டிப் பாடும் புலவர். குடம், உடுக்கை, தாளம், கட்டை என்னும் பக்க இசை. புலவரோடு சேர்ந்து பாடுவோர் வலத்தே எனவும், ஏற்றுப் பாடுவோர் இடத்தே எனவும் பெயர் பெறுவர்.

வில்லுப்பாட்டு நினைத்தவாறு பாடப்படுவதன்று. தெய்வத்தின் கதை ஓலை ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த ஏடே பாட்டுக்கு ஆதாரம். 1970களின் பிற்பகுதியில் இம்மாவட்டத்தில் தங்கி இக்கலையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். வாய்மொழிக் கலை என்றால் எழுத்தறியாதார் கலை என்று உலக அறிஞர் பலர் கருதியிருந்த காலத்தில், ஏட்டைச் சார்ந்தே ஒரு வாய்மொழிக் கலை வாழ்வதை நாஞ்சில் நாடு அவருக்குக் காட்டியது. தெய்வமாக அவதரித்தோர் கதை, மண்ணில் வாழ்ந்து கொடுமையால் மாண்டு தெய்வமானோர் கதை என இருவகைக் கதைகள் இருப்பதையும் அவர் விளக்கினார்.

ஏட்டில் உள்ள கதையை ஒருவர் தனியே அமர்ந்து படித்தால் கண் கலங்கலாம். அதற்கு மேல் எதுவும் நிகழாது. அதே வரிகளை நள்ளிரவில், சன்னிதி முன், உடுக்கை ஒலிக்கப் புலவர் பாடும்போது நிலை வேறாகிறது. தெய்வமானவர் உயிர் துறந்த இடம் வருங்கால் வில்லின் வேகம் கூடுகிறது, கூட்டம் எழுந்து நிற்கிறது, குலவை ஒலிக்கிறது, கோமரத்தாடிக்கு அருள் வருகிறது. கதை என்று கேட்டது அப்போது கதையாக இல்லை; தெய்வம் வந்து நிற்கும் வழியாகிவிடுகிறது. காலம், இடம், கேட்போர் நம்பிக்கை, சொல்வோர் தகுதி ஆகிய நான்கும் கூடும்போதுதான் சொல்லுக்கு இவ்வாற்றல் வருகிறது. ஆதலின் சொல்லின் பொருள் சொல்லில் மட்டும் இல்லை. கேட்பவர் உள்ளத்திலும் பாதி இருக்கிறது என்று அறியலாம்.

ஏட்டைக் குரலால் வாழவைக்கும் வழக்கம் இம்மாவட்டத்தில் வேறு வகையிலும் உண்டு. சாமித்தோப்பில் கார்த்திகை மாதத்தில் திருஏடு வாசிப்பு நடைபெறுகிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஆடி மாதத்தில் இல்லங்களில் இராமாயணம் வாசிக்கப்படுகிறது. எல்லார் வீட்டிலும் அச்சு நூல் இருக்கும் இக்காலத்திலும் ஒருவர் வாசிக்கப் பலர் அமர்ந்து கேட்கின்றனர். தனியே படித்தால் அறிவு கிடைக்கும். கூடிக் கேட்டால் அறிவோடு உறவும் கிடைக்கும்.

வீட்டுப் பேச்சு நூலான கதை

எழுத்தில் பேச்சின் உயிர் இருந்தால் அது மக்களை எவ்வளவு அசைக்கும் என்பதற்குக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையே சான்று. சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876ஆம் ஆண்டு தோன்றிய அவர், குழந்தைகளும் பாடும் எளிய சொற்களால் பாடியவர். கல்வெட்டுகளைப் படித்து ஆராய்ந்தவரும் ஆவார். அக்காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி முறை நிலவியது. ஒருவருடைய சொத்து அவருடைய சகோதரியின் மக்களுக்குச் சென்றமையால், மனைவியும் பிள்ளைகளும் ஆதரவற்று வருந்தும் நிலை ஏற்பட்டது.

கவிமணி அதனைக் கண்டித்துச் சொற்பொழிவு போல் எழுதவில்லை. துன்புற்ற ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்லுமாறு, நாஞ்சில் நாட்டு வீடுகளில் வழங்கும் பேச்சுச் சொற்களையும் பழமொழிகளையும் கொண்டு மருமக்கள்வழி மான்மியத்தைப் பாடினார். நகைச்சுவை மிக்க அப்பாடல் ‘தமிழன்’ இதழில் தொடராக வெளிவந்தது. படித்தவர்கள் தம் வீட்டு முற்றத்துக் குரலையே அதில் கேட்டனர், முதலில் சிரித்தனர், பின்னர்ச் சிந்தித்தனர். அக்காலத்தில் எழுந்த சீர்திருத்த முயற்சிகளுக்கு அந்நூல் துணைநின்றது. 1926ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி, மனைவி மக்களின் உரிமைக்கு வழி வகுத்தது.

சொல்லின் பிழை

சொல்லுக்கு ஆற்றல் உண்டு எனில் பிழைக்கும் ஆற்றல் உண்டு. கும்பகருணன் கடுந்தவம் புரிந்து வரம் கேட்க நின்றபோது, கலைமகள் அவன் நாவில் அமர்ந்து சொல்லைப் பிறழச் செய்தாள் என்றும், அதனால் அவன் உறக்கத்தையே வரமாகப் பெற்றான் என்றும் கதை உண்டு. நம் தமிழிலும் லகர, ளகர, ழகரங்கள் மாறினால் பொருள் மாறிவிடும். வாளும் வாலும் ஒன்றல்ல. பழமும் பலமும் ஒன்றல்ல. இறைவன் பிழை பொறுப்பான். எனினும் திருந்த ஓதக் கற்பது அடியவர் கடன்.

கேட்பதிலும் பிழை உண்டு. சினத்தோடு கேட்பவருக்கு நல்ல சொல்லும் சுடும். பாதி கேட்டு மீதியைத் தாமே கற்பித்துக்கொள்பவரால் குடும்பங்கள் பிரிகின்றன. இன்று கைபேசியில் வரும் செய்தியில் எழுத்து உண்டு. முகம் இல்லை, குரல் இல்லை. அன்போடு எழுதியதைச் சினமென்று கொள்வதும், விளையாட்டாக எழுதியதை வினையென்று கொள்வதும் அதனாலேயே நிகழ்கின்றன. மனவேற்றுமை தோன்றும் இடத்தில் எழுதுவதை நிறுத்தி நேரிற் சென்று பேசுதல் நன்று.

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் கடைப்பிடிக்கத் தக்கவை

1. ஓதுவார் திருமுறை பாடும்போதும், பாசுரம் சேவிக்கப்படும்போதும் உரையாடலை நிறுத்தி ஒரு பதிகமேனும் முழுமையாகக் கேட்க வேண்டும்.

2. கேட்ட பாடலை இல்லம் சென்று நூலில் பார்த்து, பொருளறிந்து, குழந்தைகளுடன் வாய்விட்டு ஓத வேண்டும்.

3. கோயில் சுவரிலும் தூணிலும் பெயர் எழுதுதல், சுண்ணாம்பும் வண்ணமும் பூசுதல், கற்பூரம் ஏற்றுதல் ஆகியவை கல்வெட்டை அழிக்கும் செயல்கள். முன்னோர் பேச்சை நாம் இடைமறிப்பதற்கு ஒப்பானவை அவை.

4. வீட்டுப் பரணில் ஓலைச்சுவடிகள் இருப்பின் அவற்றை ஆற்றிலோ தீயிலோ இடலாகாது. படிக்கத் தெரியவில்லை என்பதால் அவை பயனற்றவை ஆகா. 1869ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற நிறுவனங்களில் அவை பாதுகாக்கப்படும்.

5. இல்லத்து முதியவர்கள் அறிந்த தாலாட்டு, தெய்வக் கதை, வில்லுப்பாட்டு வரி ஆகியவற்றைக் குழந்தைகள் கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஒரு முதியவர் மறையும்போது அவருடன் எழுதப்படாத ஒரு சுவடியும் மறைகிறது.

தில்லையில் பூட்டிய ஏடு கரையானுக்கு இரையாயிற்று. எருக்கத்தம்புலியூரில் ஒருவர் நாவில் நின்ற பண், அவரும் மறைந்திருந்தால் காற்றோடு போயிருக்கும். ஏடு மட்டும் போதாது. நா மட்டும் போதாது. கேட்டதை எழுதுவோம், எழுதியதை ஓதுவோம், ஓதியதை உணர்வோம். பச்சரிசியில் விரல் பதித்த அந்நாளில் தொடங்கிய ஏடு, வாழ்நாள் முழுதும் முடிவதில்லை. செவிக்கும் நாவுக்கும் கண்ணுக்கும் நல்லனவே வாய்க்கத் தேவாரக்கட்டு அன்னையும் தாணுமாலயப் பெருமானும் அருள்புரிவார்களாக!